மலை இல்லாத வெள்ளிக்கிழமை

ஐந்து ரோட்டில் சிவப்பு விழுந்து நிற்கையில்
நேரெதிரே மலை தெரிய வேண்டும்.
துணிக்கடை விளம்பரத்துக்குப் பின்னால்
பழுப்பு நிறத்தில் ஒரு ஒன்றுமில்லை இருந்தது.
"மேகம்" என்றார் செங்குட்டுவன்.
பங்குனியில் என்ன மேகம்.

ஆறு மாதம் கட்டிய வண்டி இது.
நாமக்கல்லில் வாங்கிய பழைய டெம்போ டிராவலர்.
பதினான்கு இருக்கையையும் பிடுங்கிப் போட்டு
மடக்குக் கட்டில், ஒற்றை அடுப்பு,
முழங்கை இடிக்கும் ஒரு குளியலறை,
கூரைமேல் நூற்றிருபது லிட்டர் தொட்டி.
கடன் இன்னும் பாக்கி.
கர்ட்டனுக்கு மட்டும் மூன்று சண்டை.
ஏற்காட்டில் மூன்று ராத்திரி:
கரடியூர், பகோடா பாயிண்ட், அப்புறம்
ஏரிப் பக்கம் எங்கே நிறுத்த விடுகிறார்களோ அங்கே.
நிறைமதி கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
இருபது கொண்டை ஊசி வளைவும் வரைந்து வைத்திருந்தாள்,
ஒவ்வொன்றாக டிக் அடிக்க.

கோரிமேடு தாண்டியதும் வாசனை வந்தது.
குப்பை எரிகிற நாற்றம் இல்லை.
காய்ந்த மூங்கில், போதைப்புல்,
பெயர் தெரியாத ஏதோ ஒரு பிசின்.
ஒரு நொடி நன்றாகக்கூட இருந்தது.
அதை நான் சொல்லவில்லை.
பின்னால் மகள் இருமினாள்.
ஒன்று.
எண்ணத் தொடங்கினால் நிறுத்த மாட்டேன் நான்.

அடிவாரம் செக்போஸ்டில் கட்டை இறங்கியிருந்தது.
"குப்பனூர் வழியா?"
"அங்கதான் ஆரம்பிச்சதே, மேடம்."
"காலையில?"
மலை இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார்.
"காத்து சொல்லணும்."

திருப்ப எட்டு முறை முன்னும் பின்னும்.
வீட்டையே திருப்புகிறோம் அல்லவா,
உள்ளே தட்டுகள் ஒவ்வொன்றாய் விழுந்தன.
மேட்டூர் என்றார் அவர். ஒகேனக்கல் என்றேன்.
கொல்லிமலை என்று சேர்ந்தே சொல்லி
அதுவும் மலைதானே என்று சேர்ந்தே அடங்கினோம்.
ஊதுமருந்தை இரண்டு முறை இழுத்துவிட்டு
"வீட்டுக்கு மட்டும் வேணாம்" என்றாள் நிறைமதி.
"வீட்டுலதானே இருக்கோம்" என்றார்.
யாரும் சிரிக்கவில்லை.

கன்னங்குறிச்சியில் காற்று மாறி வீசியது.
மூக்கனேரிக் கரையோரம் நிறுத்தி
தட்டுவடை செட் பொட்டலத்தைப் பிரித்தோம்.
இருட்டியபின்தான் மலை வந்தது.
உடம்பு இல்லாமல், நெருப்பு மட்டும்.
கறுப்புத் தாளில்
முக்கியமான வரி என்று யாரோ
சிவப்பில் அடிக்கோடு போட்டிருந்தார்கள்.
கோட்டுக்கு மேலே எழுத்து எதுவும் இல்லை.

ஒன்பது மணிக்கு ஒரு பச்சை ஜீப்.
ஐந்து பேர். கையில் இன்னும் தழைக்கொத்து,
இலையெல்லாம் கருகி வெறும் குச்சி.
"தண்ணி இருக்குமா?"
இருந்தது. மலைமேல் நாங்கள் குளிக்க நிரப்பியது.
குடித்தார்கள். கண்ணைக் கழுவினார்கள்.
ஒருவர் பூட்ஸைக் கழற்றாமலே காலில் ஊற்றிக்கொண்டார்,
ஆவி வருகிறதா என்று நிறைமதி குனிந்து பார்த்தாள்.
மிச்சத்தைக் கேன்களில் பிடித்தார்கள்.
திரும்ப ஏற வேண்டுமாம்.
அவர் பேரைக் கேட்டாள்.
"சேர்வராயன்."
"மலையோட பேரு!"
"எங்க ஊர்ல வீட்டுக்கு ஒருத்தன் இருப்போம் பாப்பா."
சிரிக்கப் போய், இருமினார்.
இரண்டு,
என்று எண்ணிவிட்டேன்.

காலையில் முன்கண்ணாடி முழுக்கச் சாம்பல்.
துடைக்கத் தண்ணீர் இல்லை.
பழைய செய்தித்தாளால் என் பக்கம் மட்டும்
ஒரு வட்டம் திறந்துகொண்டு
மேட்டூர் ரோட்டைப் பிடித்தேன்.
கணக்கு நோட்டில் வளைவுகள் அப்படியே கிடந்தன.
ஓமலூர் தாண்டும்வரை பக்கக் கண்ணாடியைப்
பார்த்துக்கொண்டேதான் ஓட்டினேன்.
எங்களுக்குப் பின்னால் லாரிகள் வந்தன,
ஒரு பள்ளிப் பேருந்து வந்தது,
அதற்குப் பின்னால்
பழுப்பு.