ஐந்து புள்ளி

சாட்ஸ்வொர்த், யூனிட் மூன்று, மாநகராட்சி மண்டபம்.
பாட்மிண்டன் வலையைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டு
அந்தக் கயிற்றிலேயே
துணிக் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்
முப்பத்தொரு அச்சுப் படங்களை.
பெயர் கிடையாது. பென்சிலில் எண் மட்டும்.

நடுவர்கள் மூவர்.
ரோனி கிஸ்டன் கல்யாணப் படம் பிடிப்பவர்,
கண்ணிலிருந்து லென்ஸை எடுக்காமல்
உம்கெனிப் பாலத்து விடியல் ஒன்றில்
கருப்புக்குள் இன்னும் எத்தனை கருப்பு என்று
எண்ணிக்கொண்டிருந்தார்.
டெஸ்மண்ட் ஆப்ரஹாம்ஸ் தாளைத் திருப்பி
முதுகைத் தடவுவார்.
எந்திரம் அழுத்தியதா, மரக்கரண்டி தேய்த்ததா,
அவர் விரலுக்குத் தெரிந்துவிடும்.
நான் மூன்றாவது.
தமிழ் வாசிப்பவள் என்பதைத்
தகுதியாக யாரும் கேட்கவில்லை,
நானாகத்தான் நெஞ்சில் குத்திக்கொண்டு போனேன்.

பத்தொன்பதாம் எண். லினோ வெட்டு, ஒரே மை.
கடைக் கண்ணாடி. அதற்கப்பால் தெரு, மழை,
நிற்கும் டாக்ஸி, அதில் பாதி ஏறிய ஒரு கால்.
கண்ணாடியில்
கற்பூரம் வெற்றிலை குங்குமம்.
அத்தனையும் வலமிடமாகத் திரும்பி.
‘வெ’ தன் கொம்பைக் கழற்றிப்
பின்னால் வைத்துக்கொண்டிருந்தது.
வாசிக்க எனக்கே அரை நிமிடம்.

“பாவம், மாற்றி வெட்டணும்னு தெரியலை” என்றேன்.
லினோவில் முதல் நாள் பாடம் அது.
தாளில் நேராக வர, பலகையில் புரட்டி எழுது.
மற்ற இருவருக்கும் அது வெறும் கோடு, வளைவு.
“எனக்குப் பிடிச்சிருக்கு” என்றார் டெஸ்மண்ட்.
நான் எதுவும் சொல்லாமல்
ஐந்து புள்ளி குறைத்தேன்.
மூன்றாம் பரிசு இரண்டு புள்ளியில் தவறியது.
முதல் பரிசு பாலத்துக்கு.

வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு பிரதி மாற்றிக்கொண்டார்கள்.
நடுவர்களுக்கும் ஒரு கட்டு.
சமையலறை மேசையில் டீயோடு பிரித்தேன்.

டாக்ஸியின் நம்பர் நேராக இருந்தது.
இரண்டு நான்கு ஏழு.
ஏழின் மூக்கு இடப்பக்கம், எப்போதும்போல.

மாற்றி வெட்டத் தெரியாத கை
இதை மட்டும் எப்படி மாற்றி வெட்டிற்று?

டீயில் ஆடை படிந்தது.

இந்தப் படம் உள்ளே நிற்கிறது.
கல்லாவுக்குப் பின்னாலிருந்து
கண்ணாடி எழுத்து இப்படித்தான் தெரியும்,
தெருவின் வண்டி அப்படித்தான் தெரியும்.
நான் வாழ்நாளெல்லாம்
வெளியே நின்று போர்டு படித்தவள்.

ஓரத்தில் 7/15, கையெழுத்து: நொக்வாசி ந்துலி.
நம்பர் தேடிப் போன் போட்டேன்.
“பதினொரு வருஷமா கல்லாவுல.
வேலைக்காரங்க பின்வாசல் வழியாத்தான் வரணும், போகணும்.
முன்பக்கமிருந்து எப்பவாவது பார்த்தா
எனக்கு அது தப்பாத் தெரியும்.”
என்ன எழுதியிருக்கிறது என்று தெரியுமா?
“விக்கிறவ நான்தானே.”

பிறகு அவளே கேட்டாள்:
“அந்தச் சின்னச் சின்னப் பொட்டு, அது வேணுமா?
சுத்தி வெட்டும்போது அதுதான் பிய்ஞ்சு பிய்ஞ்சு போச்சு.
ரெண்டு பலகை வீணாச்சு.”

எண்ணினேன்.
ற் ம் ற் ங் ம்.
மையேறிய ஐந்து தீவு, ஒன்றுகூட மூழ்கவில்லை.

வேணும் என்றேன்.
அதே கணக்கில் நான் குறைத்ததையும் சொன்னேன்.
அந்தப் பக்கம் கல்லாப்பெட்டி திறக்கும் சத்தம்.
“ஒரு நிமிஷம், ஆள் நிக்கிறாங்க” என்றாள்.
நான் காதோடு வைத்துக்கொண்டே இருந்தேன்.
சில்லறை எண்ணினாள். யாரோ கதவை இழுத்து மூடினார்கள்.

மெல்லிய தாள்.
என் சன்னலில் ஒட்டியிருக்கிறேன், மைப்பக்கம் உள்ளே.
ராத்திரி விளக்கைப் போட்டால்
தெருவில் போகிறவர்களுக்கு எழுத்து நேராகும்,
டாக்ஸிதான் திரும்பிக்கொள்ளும்.
யாரும் நின்று வாசித்ததாகத் தெரியவில்லை.
எனக்கு இங்கிருந்து
இன்னும் அரை நிமிடம் ஆகிறது.