மின்மினி

எல் ஆல்ட்டோவில் டயருக்குக் காற்றடிப்பது என் பிழைப்பு.
நாலாயிரம் மீட்டர் உயரம்.
மூச்சுக்கே காற்று பத்தாத ஊரில்
மினிபஸ்காரர்களுக்கு நான் காற்று விற்கிறேன்.
முள் எங்கே நின்றால் வெடிக்கும் என்று
என்னைத்தான் கேட்பார்கள்.

ஏழாம் மாதம் தோமாசாவின் பாதம்
செருப்புக்குள் போகவில்லை.
என் பூட்ஸை மாட்டிக்கொண்டு சந்தைக்குப் போனாள்.
சிரித்தோம்.
உப்பைக் குறை, என்றாள் அவள் அக்கா பெனீத்தா.
மோதிரம் விரலுக்குள் புதைந்த அன்று
சோப்பு, எண்ணெய், கடைசியில்
என் கட்டிங் பிளேயர்.
அப்போதும் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள்
சுவரில் மின்மினி பறக்கிறது என்றாள்.
அவள் கீழே, யுங்காஸ் பள்ளத்தாக்கில் பிறந்தவள்,
மின்மினி தெரியும்.
இந்த உயரத்துக்கு அவை வருவதில்லை.

கையில் பட்டை கட்டி நர்ஸ் அமுக்கினாள்.
எனக்குப் படிக்கத் தெரிந்த கருவி அது ஒன்றுதான்.
நூற்று எழுபது. கீழே நூற்றுப் பத்து.
எங்கள் தொழிலில் வால்வைத் தட்டிக்
கொஞ்சம் இறக்கிவிடுவோம்.
மனுஷிக்கு வால்வு எங்கே என்றேன்.
டாக்டர் வயிற்றைக் காட்டினார்.
இன்னும் ஒன்பது வாரம் பாக்கி இருந்த வயிறு.

இரவெல்லாம் மக்னீசியம் சொட்டியது.
நாலு பாவாடைக்குள்ளும் நடுங்குகிறவள்
எரிகிறது, ஜன்னலைத் திற, என்றாள்.
விளக்கை அணைத்திருந்தார்கள்.
மணிக்கொரு தரம் முழங்காலில் சின்னச் சுத்தியல்.
கால் அதிகம் துள்ளினாலும் பயம்,
துள்ளாவிட்டாலும் பயம்.
வெளியே பெனீத்தா, யாரும் கேட்காமலே,
நான் உப்பு என்றேனே, உப்பு என்றேனே.

ஆயிரத்து நூற்று நாற்பது கிராம்.
என் வீல் ஸ்பேனர் அவ்வளவு இருக்கும்.
ஐந்து நாள் 'அது' என்றோம்,
பெயர் வைக்கத் துணிவில்லை.
தாய் எழ முடியாததால் என் நெஞ்சில் கட்டினார்கள்.
மூன்று தரம் கழுவியும் போகாத ரப்பர் வாசத்தில்
அது தூங்கியது.

பெற்றால் தீர்ந்தது என்று நினைத்திருந்தேன்.
ஆறாம் நாள் முள் மறுபடி ஏறியது.
அதைப் பற்றி அவள் பேசமாட்டாள். நானும்.
அன்றிரவு முழுக்கக் கூட நின்ற நர்ஸின் பெயரைத்தான்
குழந்தைக்கு வைத்தோம்:
ஹிலாரியா.

மறுநாள் கஞ்சிக்குச் சட்டி எடுக்க வீட்டுக்கு வந்தேன்.
பாதி உரித்த கிழங்கு
கறுத்துக் கிடந்தது, அதே இடத்தில்.

இப்போதும் சாயங்காலத்தில் சுவரில் ஏதாவது மின்னினால்
பாலூட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள்,
நீயும் பார்க்கிறாயா?
கேபிள் கார் கண்ணாடி, என்கிறேன்.
அது மலை இறங்கி மறையும்வரை
நம்பமாட்டாள்.