நான்காம் நம்பர் டிரையர்

போர்ட் அகஸ்டாவிலிருந்து ஐந்நூற்று நாற்பது கிலோமீட்டர்
ஒரு சத்தத்துக்காக வண்டி ஓட்டினேன்.
கூபர் பீடியில் விடா பெரோவிச்சின் சலவைக்கூடம்.
நான்காம் நம்பர் டிரையர்
எட்டு வருடமாய்க் கலகலக்கிறதாம்.
"சட்டைப் பொத்தான் என்று இருந்துவிட்டேன்" என்றாள்.

இந்த ஊரில் எல்லோரும் எதையோ கிளறுகிறவர்கள்.
சுரங்கக்காரர்கள் கொட்டிய வெள்ளை மண்மேட்டில்
தவறிப்போன ஓப்பலுக்காக
வெயிலில் குந்தியிருக்கிறார்கள்.
விடா கிளறுவது காசுப்பெட்டியை.
செவ்வாய் இரவு கடை சாத்தி
யாரோ மறந்துபோன போர்வையை விரித்து
அதன்மேல் வாரத்தின் சில்லறையைக் கொட்டுவாள்.

ஐந்து கங்காருக்கள் துள்ளும் ஒரு டாலர்.
அதைவிடக் குட்டியாக இரண்டு டாலர்.
நடுவில் சிவப்புப் பாப்பி பூத்த ஒன்று,
பல கை பட்டு இதழ் வெளுத்தது.
ஊதா வளையம் போட்ட இன்னொன்று.
துளைக்குள் போகாதென்று தெரிந்தும்
எவனோ குத்தித் திணித்த
பன்னிரண்டு மூலை ஐம்பது சென்ட்.
ராணியை நேராகப் பிடித்துத் திருப்பினால்
கங்காரு மல்லாந்து கிடக்கும் பிழைக்காசு:
அது கிடைத்த இரவு
தனக்குத்தானே ஒரு பீர் வாங்கிக்கொண்டாளாம்.

அவளுக்கு வேண்டியது வேறு.
இரண்டாயிரமாம் ஆண்டு டாலர்.
அச்சடிக்கும் இடத்தில் யாரோ அசந்த நேரம்
பத்து சென்ட்டின் தலை
டாலரின் உடம்பில் விழுந்துவிட்டது.
தலை சற்றே சிறிது. அதனால்
விளிம்புக்குள் இன்னொரு விளிம்பு,
நகத்தால் மட்டும் படிக்க முடிகிற அளவுக்கு.
"பூவா தலையா போட்டால்
நான் எப்போதும் தலைதான் கேட்பேன்" என்றாள்.
ஆல்பத்தில் அதற்கென்று ஒரு குழி,
பத்தொன்பது வருடமாகக் காலி.
விடா என்று பெயர். விடவில்லை.

டிரையரின் வயிற்றைக் கழற்றினேன்.
உருளைக்கும் தகட்டுக்கும் நடுவே
பஞ்சு, ஒரு கொக்கி, ஒரு காது வளையம்,
பிறகு இது.
எத்தனையோ ஈரத்துண்டுகளின் சுற்றில்
உருண்டு உருண்டு ஓரம் மழுங்கி
உள்ளே சுருண்டு
டாலர் குள்ளமாகியிருந்தது.
ஆண்டு மட்டும் தெளிவு:
ஒரு இரண்டு, மூன்று பூஜ்யம்.

விடா லென்ஸை எடுத்தாள்.
நெடுநேரம் மூச்சு விடவில்லை.
எழுத்துகள்தான் விளிம்பை விட்டு எட்டி நிற்கின்றனவா,
விளிம்புதான் அவற்றின்மேல் சாய்ந்துவிட்டதா?
இரண்டாம் விளிம்பு இருந்திருந்தால்
எங்கே இருந்திருக்குமோ
சரியாக அந்த இடத்தைத்தான் டிரையர் தின்றிருந்தது.
எட்டு வருடம்.
பக்கத்து அறையில் அவள் காசு எண்ணும்போதெல்லாம்
இது சுவருக்கு அப்பால் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

அடிலெய்டில் ஃபெர்கஸ் டுல்லி என்றொரு காசு வியாபாரி.
எடை போட்டார். சாய்த்துப் பார்த்தார்.
"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.
என்னால் தர முடிந்தது ஒரு டாலர்."
செல்லாக்காசு என்றால்கூடத் தூக்கிப் போட்டிருப்பாள்.
இது செல்லும். அதுதான் சிக்கல்.

போன மாதம் மறுபடி போனேன்,
என் கூலி பாக்கி.
ஆல்பத்தைத் திறந்து காட்டினாள்.
குழியில் இருந்தது. ஆனால் குழிக்கு நிரம்பவில்லை.
பக்கம் புரட்டினால் கலகலக்கிறது.
அதே சத்தம்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

பில் நூற்று எண்பது. எல்லாம் ஒரு டாலர் சில்லறையாகவே தந்தாள்.
ஒவ்வொன்றையும் விளக்கடியில் திருப்பி
ஆண்டு பார்த்து
ஓரத்தில் நகம் ஓட்டி
பிறகுதான் என் பக்கம் தள்ளினாள்.
வெளியே இருட்டிவிட்டது.
நூற்று முப்பத்தேழில் நின்றாள்.
சாய்த்தாள், மறுபடி சாய்த்தாள்,
ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.
"ஒன்று குறையும், எழுதிக்கொள்" என்றாள்,
அடுத்ததை எடுத்தபடி.