மாலைக்குள் திரும்ப வேண்டிய இதயம்

அத்பாஷியில் நவம்பர்.
கணப்பருகே முதல் வரிசைக்கு வியர்க்கிறது.
கடைசி வரிசை கையுறையைக் கழற்றவே இல்லை.
எட்டாம் வகுப்பு, உயிரியல்.
புரொஜெக்டரின் விசிறி
அடைக்கோழிபோல் முனகுகிறது.

ஏழு நிமிடப் படம்.
பிஷ்கெக்கிலிருந்து பென் டிரைவில் வந்த இதயம்
சுண்ணாம்புச் சுவர் நிறைய விம்மித் துடிக்கிறது.
ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் சிவப்பு.
அம்புக்குறிகள் எறும்புச் சாரையாக
உள்ளே போய் வெளியே வருகின்றன.
ஒரு துளி சிந்தவில்லை.

"நீல ரத்தம் எந்த ஆட்டுக்கு?" என்றான் மிர்லான்.
வகுப்பு சிரித்தது.
குளிர்கால இறைச்சிக்காகப் போன வாரம்தான்
வீட்டுக்கு வீடு கத்தி தீட்டிய ஊர்.
அது நீலமில்லை, நமக்குப் புரியப் பூசியது
என்றார் எர்மெக். வேலைக்கு வந்து இரண்டு மாதம்.
புரிந்தது என்று யாரும் சொல்லவில்லை.

படத்தில் ஒரு கதவு. மூன்று இதழ்.
திறந்தது, மூடியது, திறந்தது,
மின்சாரம் தடுமாறி
பாதி திறந்தபடி நின்றுபோனது.
அந்த இடைவெளியில்தான் பெர்மெத் கேட்டாள்:
"எத்தனையோ இதயம் கழுவியிருக்கிறேன்.
கதவு எதையும் பார்த்ததில்லையே?"

மறுநாள் வந்தாள்,
பூப்போட்ட எனாமல் கிண்ணத்தோடு.
மேலே ஈரத்துணி.
துணிக்கும் மேலே அம்மாவின் நிபந்தனை:
வெட்டக் கூடாது.
ராத்திரி சூப்புக்கு முழுசாக வேண்டும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்.
இங்கே கறிக்குரியது
ஒரு பாடவேளை மட்டும்
ஏட்டுக்கு உதவ வந்திருக்கிறது.

மஞ்சள் கொழுப்பு போர்த்திய,
எந்த அம்புக்குறியும் இல்லாத சதை.
எது வலம், எது இடம்?
எர்மெக் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
தெரிந்தவர்போல.
மிர்லான் இரண்டு கட்டைவிரலால் அழுத்தினான்.
"இந்தப் பக்கம் கெட்டி, தொடைக்கறி மாதிரி.
உடம்பு முழுக்கத் தள்ளுவது இதுவாகத்தான் இருக்கும்."
நேற்றுச் சிரிக்கவைத்தவன்.

வெட்ட முடியாது என்பதால்
மறுபடியும் படத்தைப் போட்டார்கள்.
பெருங்குழாய் வழியே
பெர்மெத் சுட்டுவிரலை இறக்கினாள்.
விரல் ஆட்டுக்குள், கண் சுவரில்.
இதழ்கள் வரும்வரை ஒருவரும் மூச்சுவிடவில்லை.
"நிறுத்துங்கள்!"
நிறுத்தினார்.
"இருக்கிறது. நனைந்த வெங்காயச் சருகு மாதிரி.
ஒன்று...
இரண்டு...
இரு, இரு... மூன்று."

பிறகு வரிசை. இருபத்தொரு விரல்கள்.
தேநீர்க் குவளையால் தண்ணீர் ஊற்றினார்கள்.
குழாயின் விளிம்புவரை ஏறி நின்றது.
எங்கிருந்தோ இரண்டொரு சொட்டு கசிந்தது,
படத்தில் கசியாத சொட்டு.
அதற்காக இன்னொரு முறை படம்.

மொத்தம் ஐந்து முறை ஓடியது.
ஐந்தாவதில் ஒலியை அணைத்துவிட்டார்:
ரஷ்ய மொழியில் அந்தக் குரல் வாய் திறக்குமுன்
கிர்கீஸில் பிள்ளைகள் முந்திக்கொண்டார்கள்.

நீலத்தை மட்டும்
மிர்லான் கடைசிவரை ஒப்பவில்லை.

நாலு மணிக்குக் கிண்ணம் வீடு திரும்பியது,
பனியில், கொஞ்சம் சாய்ந்து,
இருபத்தொரு பேர் துருவிய களைப்போடு.
சூப் எப்படி இருந்தது என்று
யாரும் கேட்கத் துணியவில்லை.

அடுத்த வாரம் பென் டிரைவில் வேறு படம்:
கடலின் ஏற்ற இறக்கம். ஒன்பது நிமிடம்.
எர்மெக் தலைப்பை வாசித்து முடித்ததும்
வகுப்பு மொத்தமும் திரும்பி
பெர்மெத்தைப் பார்த்தது.