ஒற்றை அளவீடு

பத்துக்கு எத்தனை என்று கேட்டார் அத்தான் மனோகர்ராஜ்,
கார் டிக்கியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றியபடி.
நாலு என்றேன்.
அவர் முகம் போன போக்கைப் பார்த்து
நாலரை.

அரை மதிப்பெண் போடக் கை கூசாது எனக்கு.
பத்தொன்பது வருஷமாக விடைத்தாள் திருத்துகிறவள்,
இயற்பியல்.

கத்திரி தொடங்கி நாலாம் நாள்.
அடையாற்றுக்கு இந்தப் பக்கம்
ஏழு மணிக்கே கழுத்தில் உப்பு.
நான் குழியைப் பார்த்துக் குனியும்போதெல்லாம்
சொல்லிவைத்தாற்போல் ஒரு விமானம்
வயிற்றைக் காட்டி மீனம்பாக்கத்துக்கு இறங்கியது.

கிரீன் முழுக்க அம்மை வார்த்த முகம்.
பந்து நேராகப் போவேனா என்றது.
"போன திங்கக்கெழமதான் மேடம் ஊசி குத்துனாங்க,
பத்து நாள்ல மூடிக்கும்"
என்றான் பையைச் சுமந்த லோகு.
காதில் வாங்கினேன்,
கணக்கில் வாங்கவில்லை.

ஐந்தாவதில் ஒன்பது அடித்தேன்.
ஆகவே ஐந்தாவது மோசமான குழி.

ஊட்டியில் என் ஏழாம் நம்பர் இரும்பு
நூற்றிருபது கஜம் போகும்.
இங்கே நூற்றைந்தில் விழுந்து
குட்டையில் முழுகியது.
மைதானத்தைத் திட்டினேன்.
உயரம், காற்றின் அடர்த்தி, இழுவிசை என்று
கரும்பலகையில் எழுதுகிற அதே கையால்
மட்டையைத் தரையில் குத்தினேன்.

ஒன்பதாவதில் மேல்காற்று முகத்தில் அறைந்தது.
"பதினோரு மணிக்கு மேல கடல்காத்து வந்துரும்,
அப்ப இது வேற குழி மேடம்."
பதினோரு மணிக்கு நான்
கத்திப்பாரா மேம்பாலத்தில்
ஏசியைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

ராத்திரி ஆதம்பாக்கத்தில் கரண்ட் போனது.
விசிறிக்கொண்டே படுத்திருந்தபோது
ஜெபஸ்டின் நினைவுக்கு வந்தான்.
பதினொன்றாம் வகுப்புச் செய்முறையில்
ஊசலை ஒரே ஒரு தடவை ஆட்டிவிட்டு
மூன்று அளவீடு எழுதியவன்.
மூன்றும் ஒன்றே, கடைசிப் புள்ளி வரைக்கும்.
பக்கம் முழுக்கச் சிவப்பில் கோடு இழுத்தேன் அன்று.

அவனாவது
மூன்று எடுத்ததாக நடிக்கும் அளவுக்கு
விதியை மதித்தான்.
நான் ஒன்றை எடுத்துவிட்டு
சராசரியையே அறிவித்துவிட்டு வந்திருக்கிறேன்,
அதுவும் பார்க்கிங்கில் நின்று.

அத்தான், அந்த நாலரையை அடித்துவிடுங்கள்
என்று செய்தி அனுப்பினேன்.
"அப்போ எத்தனை?"
தூங்கவில்லை போலிருக்கிறது அவரும்.

என்ன எழுத?
ஏழாவது தொடங்கும் இடத்து நாவல் மர நிழல்,
அதற்கு ஒரு தடவை போதும்.
பெண்கள் கழிவறையில் பூட்டுத் தொங்கியது,
சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை,
அதற்கும் ஒரு தடவை போதும்.
அன்றைக்கு மட்டும் சாவி தொலைந்ததோ என்று
ஒரு கணம் யோசித்தேன்.
இல்லை.
அதில் மட்டும் சந்தேகத்தின் பலனைத் தரமாட்டேன்.

மற்றதெல்லாம்
தேதி, மணி, காற்றின் திசை,
ஊசி குத்திய கிரீன், ஊட்டிக் கை.
அளவீடுகளின் எண்ணிக்கை: ஒன்று.
சராசரி என்ற கட்டத்தில்
ஒரு சின்னக் கோடு.

"டீச்சர் புத்தி" என்று பதில் வந்தது.
கரண்டும் வந்தது.

குட்டையில் என் பந்து கிடக்கிறது,
எண் மூன்று, பக்கத்தில் பச்சை மையில் ஒரு புள்ளி.
நாளைக் காலை அந்த இடம் எப்படியிருக்கும் என்று
என் தரப்பில்
அதற்குத்தான் தெரியும்.