குடும்பப் பெயர் கட்டாயம்

வென்ட்வர்த்வில் ஸ்டேஷனுக்கு எதிரே
மருந்துக்கடையின் மேல்மாடி.
மூன்று மேசை, இரண்டு வழக்கறிஞர்,
ஒரு லொரெய்ன்.

யூலையில் கணக்காய்வாளர் வந்தார்.
எக்செல்லில் நாங்கள் கட்டிக்காத்த டிரஸ்ட் கணக்கை
எலும்பு முறிந்தவனின் எக்ஸ்ரே போல
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"தப்பில்லை. ஆனால் எத்தனை நாளைக்கு?"
அன்றிலிருந்து மென்பொருள் தேடுகிறோம்.

முதலாவதை விற்க வந்தவன் பிரெண்டன்.
திரையில் தாடி, தாடிக்குப் பின்னால் கடல்.
எல்லாம் மேகத்தில் பத்திரம் என்றான்.
தவபாலன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்:
"மேகம் எந்த நாட்டுக்கு மேலே நிக்குது?"
விசாரித்துச் சொல்கிறேன் என்றான்.
இன்னும் விசாரிக்கிறான்.

இரண்டாவது,
ஆளுக்கு மாதம் எழுபத்தொன்பது டொலர்.
நாளை ஆறாறு நிமிடமாய் நறுக்கும்.
போனை எடுத்தால் சிவப்புக் கடிகாரம் ஓடும்.
வீடு வாங்குவது பற்றிப் பேச எடுத்த பொற்கொடி அக்கா
மகள் பேசாமல் விட்டதைப் பேசினா.
இரண்டையும் ஒரே சிவப்பில் எண்ணியது அது.
நாலு அலகு.
நான் இரண்டை அழித்தேன்.
காரணம் கேட்டது:
தள்ளுபடி, தவறு, மற்றவை.
வெள்ளிக்கிழமை பார்த்தால்
மற்றவை முப்பத்தொன்று.
தவபாலன் என்னைப் பார்த்தார்.
நான் யன்னலைப் பார்த்தேன்.

மூன்றாவதில் பழைய கோப்புகளை ஏற்றினோம்.
ஆயிரத்து நூற்றெட்டில் ஒன்றைத் தவிர எல்லாம் ஏறின.
அந்த ஒன்றில் சிவப்பாய் ஒரு வரி:
குடும்பப் பெயர் கட்டாயம்.

எங்கள் பெயர்கள் இந்த நாட்டுப் படிவங்களில் படும் பாடு
லொரெய்னுக்குத் தண்ணிபட்ட பாடு.
வங்கியில் மகனைக் கூப்பிட்டால்
செத்துப்போன கந்தையா எழும்பி வரவேண்டும்.
மருதலிங்கம் ஒரு கோப்பில் 'டிஎச்' போட்டு,
இன்னொன்றில் வெறும் 'டி'யோடு;
ஆள் ஒன்று, கடன் ஒன்று.
அவர்களெல்லாம் ஏறிவிட்டார்கள்.

ஏறாதவர் ஏகாம்பரம்.
படகில் வந்தவர்.
மற்றப் பெயர் என்னவென்று கேட்டதற்கு
"இது காணும்" என்றவர்.
மேன்முறையீட்டுக்குத் தவணையாய்க் கட்டிய காசில்
முந்நூற்றுப் பன்னிரண்டு டொலர் நாற்பது சதம்
அவர் பெயரில் இருக்கிறது.
அவரைக் காணோம்.
கிரிஃபித் பக்கம் தோடம்பழம் பிடுங்கப் போனதோடு சரி.
அவருடைய நம்பரை இப்போது ஒரு சீனப் பெண் எடுக்கிறாள்.
வருடத்துக்கு இரண்டு தரம் கூப்பிட்டுக் கூப்பிட்டு
லொரெய்னும் அவளும் சிநேகிதிகள்.

உரிமை கோராத பணமென்று
அரசுக்கு அனுப்பக்கூடச் சட்டம் சில வருடம் தரும்.
மூன்றாவதுக்கு அந்தப் பொறுமை இல்லை;
ஒரு குடும்பம் வேண்டும், உடனே.

"ஒரு புள்ளியைப் போடுங்கோ" என்றார் தவபாலன்.
ஏற்கவில்லை.
ஒரு கோடு.
ஏற்கவில்லை.
"ஏகா, அம்பரம். பிரிச்சுப் போடுங்கோ."
ஏற்றது. பச்சை எரிந்தது.
"அன்புள்ள திரு. அம்பரம்" என்று
தானாகவே ஒரு கடிதமும் தட்டிவிட்டது.
லொரெய்ன் எட்டிப் பார்த்தாள்.
"யார் இந்த ஆள்?
கணக்காய்வாளர் கேட்டால் எனக்குத் தெரியாது என்பேன்."
கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.
தவபாலன் அழித்தார்.

பின்னேரம் இரண்டாவதுக்குத் திரும்பினோம்.
ஒரு பெட்டியில் ஏகாம்பரம்.
மற்றப் பெட்டியில் ஒன்றுமில்லை.
என்டர்.
முணுமுணுக்காமல் எடுத்துக்கொண்டது.

மூன்று பேருக்கு, ஒரு வருட ஒப்பந்தம்.
எங்களை ஏன் தெரிவு செய்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள்.
தவபாலன் 'விலை'யை அழுத்தினார்,
மூன்றிலும் இதுதான் விலை கூட.

லொரெய்ன் போனைக் காதில் வைத்தபடி
அங்கே மழையா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.
சிவப்புக் கடிகாரம் ஓடுகிறது.
எந்தக் கோப்பில் போடுவது
என்று கேட்கிறது.