நானூற்றிருபது கிராம்

ஆடெனாவில் மூன்றாம் நாளாய் மழை.
கராஜின் தகரக் கதவைப் பாதி இறக்கிவிட்டு
மேசையில் நாலு துண்டுக் குழாய் வைத்திருக்கிறேன்,
ஒவ்வொன்றும் ஒரு சாண்.
ஞாயிற்றுக்கிழமை வீப்க ஓட்டவேண்டிய கார்:
பின்னால் தாங்கி இருக்கிறது,
முன்னால் எஞ்சின் இருக்கிறது,
நடுவில் ஒன்றுமில்லை.

அலுமினியத்தைக் கையில் எடுத்தால் எடுத்ததே தெரியாது.
முழங்காலில் வைத்து வளைத்தால் சொன்னபடி கேட்கும்.
இரண்டாம் முறையும் கேட்கும்.
மூன்றாம் முறை
கேட்பது போலவே இருக்கும்.
அதிர அதிர உள்ளுக்குள் இறுகும் சாதி அது.
ஒருநாள், நட்டுக்குப் பக்கத்தில்,
தலைமயிர் அளவு கோடு.
கண்ணுக்கு முன் மூக்குக்குத் தெரியும்,
மூக்குக்கு முன் நெருப்புக்கு.

நைலோனை எடுத்த கையோடு திரும்ப வைத்தேன்.

ரப்பருக்காக ஹார்ட்விக்கோடு இரண்டு மாதச் சண்டை.
தவமலர் என்று முழுசாய் அவனுக்கு வராது.
"தவா, முப்பது வருசம் இதைத்தானே போட்டேன்."
முப்பது வருசத்துக்கு முந்தின பெற்றோலா இது, ஹார்ட்விக்?
இதில் முக்கால்வாசிக்கு மேல் சாராயம்.
சாராயம் யாரை விட்டது, ரப்பரை விட?
உள்ளிருந்து தின்னும்.
வடிகட்டியில் கறுப்பாய் வந்து நிற்கும்,
கேத்தலின் அடியில் தேயிலைத் தூள் மாதிரி.
வெளியே மினுக்கம் குறையாது.

நான் முதன்முதல் மாற்றிய எரிபொருள் குழாய்
சேலைன் ஏற்றுகிற குழாய்.
தடை இருந்த காலம், மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்.
உள்ளே ஓடுவது வெளியே தெரியும், அது ஒரு வசதி.
இரண்டு கிழமையில் மஞ்சளாகி
முருங்கைக்காய் மாதிரி முறியும்.
தெரிவுசெய்ய என்ன இருந்தது?
இருந்ததைப் போட்டோம், நித்திரை கொண்டோம்.
இப்போது மேசையில் நாலு.
விடிய மூன்று மணிக்கும் முழிப்பு.

மிச்சம் இந்த ஒன்று.
உள்ளே ரெஃப்லோன், வெளியே எஃகுப் பின்னல்.
தோசை ஒட்டாத சட்டியில் இருக்கிற அதே சாமான்,
சாராயத்தோடும் சேராது, பெற்றோலோடும் உறவில்லை,
மணத்தைக்கூட வெளியே விடாது.
குறை இல்லாமலா?
அவசரத்தில் வளைத்தால் மடியும், மடிந்த இடம் பிறகு நிமிராது.
உள்பக்கம் வெள்ளையாய் இருந்தால் வாங்கக் கூடாது,
கரி கலந்த கறுப்பு வேண்டும்;
இல்லாவிட்டால் ஓடுகிற எரிபொருளே மின்னேறி
ஊசித்துளை போட்டுவிடும்.
பின்னல் வேறு, பட்ட இடமெல்லாம் அரம் மாதிரி அராவும்,
வயரை, தகட்டை, தோலை.
விலையை ஹார்ட்விக்கிடம் இன்னும் சொல்லவில்லை.
எடையைச் சொன்னேன்.
போக ஒன்று, வர ஒன்று, இரண்டுக்கும் சேர்த்து
அலுமினியத்தைவிட நானூற்றிருபது கிராம் கூட.

"நானூற்றிருபது!"
ஒரு றாத்தல் பாணுக்குக் கொஞ்சம் குறைய, ஹார்ட்விக்.
"இருபது கிலோமீற்றர் சுற்றில் அது எவ்வளவு தெரியுமா?"
தெரியும். கணக்குப் பார்த்தேன்.
கண் இமைக்கிற நேரத்தில் நாலில் ஒன்று.

பின்னேரம் வீப்க வந்தாள்,
பல் வைத்தியசாலை வேலை முடிந்து, குடை சொட்டச் சொட்ட.
கவச உடுப்பு இல்லாமல் சும்மா ஆசனத்தில் இறங்கி இருந்தாள்.
வலது தொடையோரம் நான் சோக்கால் கீறிய கோடு.
"இதாலயா போகுது?"
இதாலதான்.
உள்ளங்கையைக் கோட்டில் வைத்துப் பார்த்தாள்.
"சுடுமா?"
இல்லை.
"மணக்குமா?"
இல்லை.
"பிறகேன் இரண்டு மாதம்?"

ஹார்ட்விக் எழும்பிப் போய் கோப்பி போட்டான்.

பின்னலை வெட்டுமுன் ரேப் இறுக்கிச் சுற்றவேண்டும்,
சுற்றாவிட்டால் நுனி விளக்குமாறாய் விரியும்.
சுற்றினேன். அப்படியும் ஒரு கம்பி
பெருவிரலில் ஏறியது.
சூப்பிக்கொண்டே மறுபடி அளந்தேன்.
எஞ்சினுக்கு அசைய இடம் வேண்டும் என்று
இரண்டு விரல் கூட விட்டு வெட்டினேன்.

நானூற்று முப்பது.